செமி இண்டஸ்ட்ரியல் ஜிக்ஜாக் தையல் இயந்திரங்கள்: வீட்டுப் பட்டறைக்கு ஒப்பிட்டு வாங்க முழுமையான வழிகாட்டி

‘செமி இண்டஸ்ட்ரியல்’ என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. உலோகச் சட்டத்தை உள்ளே வைத்த வீட்டு இயந்திரத்தையும் அப்படி அழைக்கிறார்கள். மேசையில் பொருத்தி, தனி மோட்டாரில் பெல்ட் போட்டு ஓட்டும் நடுத்தர வேக இயந்திரத்தையும் அப்படியே அழைக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. ஆகவே பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்து ஒப்பிடத் தொடங்கினால் ஒப்பீடு முதல் அடியிலேயே வழுக்கிவிடும்.

இந்த வழிகாட்டியின் அடிப்படைக் கருத்து ஒன்றுதான். ஜிக்ஜாக் இயந்திரத்தின் தரத்தை அதன் உச்ச வேகத்தில் பார்க்க முடியாது. மிக அகலமான வீச்சில், மிக மெதுவாக, உங்கள் வேலையில் வரும் மிகத் தடித்த மடிப்பின்மீது அது எப்படித் தைக்கிறது என்பதில்தான் தரம் தெரியும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சோதனையை நோக்கியே செல்கிறது.

முதல் படி: உங்கள் மிகக் கடினமான தையலை அளந்துகொள்ளுங்கள்

இயந்திரங்களைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வேலையைப் பாருங்கள். நீங்கள் தைக்கும் பொருள்களில் எந்த இடத்தில் அடுக்குகள் அதிகமாகச் சேர்கின்றன என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து வெர்னியர் அளவியால் தடிமனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கனமான டெனிம் துணி ஓர் அடுக்குக்குச் சுமார் 0.8 மி.மீ. இருக்கும், இரண்டு மடித்தையல்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிடும் இடத்தில் எட்டு அடுக்குகள் சேர்ந்தால் அது 6 மி.மீ.யைத் தாண்டிவிடும். பையின் அடிமூலையும், பட்டை நாடா தைக்கும் இடமும், பைப்பிங் சேரும் இடமும் இதே வகையைச் சேர்ந்தவை.

கூடவே அந்த இடத்தில் உங்களுக்கு ஜிக்ஜாக் தேவையா, நேர்த்தையல் போதுமா என்பதையும் எழுதுங்கள். தடித்த இடங்களில் எல்லாம் நேர்த்தையலும், மெல்லிய துணியிலும் எலாஸ்டிக்கிலும் மட்டுமே ஜிக்ஜாக்கும் போடுகிறவர் பலர். அப்படிப்பட்டவருக்கு ஒரே இயந்திரத்தில் இரண்டையும் தேடுவதைவிட, வலுவான நேர்த்தையல் இயந்திரம் ஒன்றும் எளிய வீட்டு ஜிக்ஜாக் ஒன்றும் வைத்துக்கொள்வது பெரும்பாலும் நல்ல முடிவாக இருக்கும். தடித்த பொருளிலேயே ஜிக்ஜாக் வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்: பாய்மரத் துணியின் இணைப்புகள், கேன்வாஸ் ஒட்டுவேலை, கனமான எலாஸ்டிக் பட்டைகள், கெட்டித் துணியில் நிரப்புத் தையல் முதலியவை அந்த வகை.

இரண்டாம் படி: எந்த ஜிக்ஜாக், எவ்வளவு அகலம்

தையல் வகைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 4915 தரத்தில் நேர்ப்பூட்டுத் தையலுக்கு 301 என்றும், சாதாரண ஜிக்ஜாக் பூட்டுத் தையலுக்கு 304 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண ஜிக்ஜாக்கில் ஊசி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே தாவலில் போகும். மூன்று படி ஜிக்ஜாக்கில் அதே தூரத்தை மூன்று சிறிய தையல்களாகப் பிரித்துக் கடக்கும். இந்த வேறுபாடு அலங்காரத்துக்காக வந்ததன்று. அகலமான சாதாரண ஜிக்ஜாக்கில் நீண்ட நூல் துணியை இரு பக்கமும் இழுப்பதால், மெல்லிய துணி நடுவில் குவிந்து குழாய்போல ஆகிவிடும். மூன்று படித் தையலில் நூல் இடையிடையே துணியைப் பிடித்துக்கொள்வதால் தையல் தட்டையாகவே கிடக்கும். எலாஸ்டிக் வேலைக்கும் உள்ளாடை வேலைக்கும் மூன்று படித் தையல் இல்லாத இயந்திரம் அரைகுறையானது.

ஒப்பிடும்போது பலரும் ஏமாறும் இடமும் இதுதான். வீட்டு இயந்திரங்களில் மூன்று படித் தையல் சர்வ சாதாரணமாக இருக்கும். ஆனால் மேசையில் பொருத்தும் நடுத்தர வேக இயந்திரங்களில் பல, நேர்த்தையலும் சாதாரண ஜிக்ஜாக்கும் மட்டுமே தைக்கக்கூடியவை. வலுவான இயந்திரத்துக்கு மாறிய பிறகு பழைய இயந்திரத்தில் இருந்த வசதி இல்லையே என்று வருந்துவதைவிட முன்னமே கேட்டுக்கொள்வது நல்லது.

அகலத்தைப் பொறுத்தவரை, துணி ஓரத்தை அடைக்கவும் எலாஸ்டிக் தைக்கவும் 5 அல்லது 6 மி.மீ. போதும். ஒட்டுவேலைக்கும் கை எம்பிராய்டரி பாணியிலான நிரப்புத் தையலுக்கும் 9 முதல் 12 மி.மீ. வரை உதவும். தேவைக்கு மேற்பட்ட அகலம் இலவசமாக வருவதில்லை. அகலம் கூடினால் ஊசித்தட்டின் துளையும் நீண்ட பிளவாக ஆகிறது. மெல்லிய துணியில் நேர்த்தையல் போடும்போது ஊசி துணியையும் சேர்த்து அந்தப் பிளவுக்குள் அழுத்துகிறது. தையல் நெளிகிறது, விட்டுப்போகிறது. ஒற்றை வட்டத்துளை கொண்ட மாற்று ஊசித்தட்டு அந்த மாதிரிக்குக் கிடைக்குமா என்பதை ஒப்பீட்டுத் தாளில் தனி வரியாகவே எழுதுங்கள்.

அகலம் நூலையும் தின்னும். ஒவ்வொரு தாவலுக்கும் 2 மி.மீ. முன்னேற்றமும் 8 மி.மீ. அகலமும் வைத்தால், ஒரு சாய்கோட்டின் நீளம் ஏறத்தாழ 8.2 மி.மீ. ஒரு மீட்டர் தையலில் 500 தாவல்கள் வரும். மேல்நூல் மட்டும் நாலு மீட்டருக்கு மேல் செலவாகும். பாபினில் (அடிநூல் சுற்றும் சிறு உருளையில்) உள்ள நூலும் ஏறத்தாழ அவ்வளவே. நேர்த்தையலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டரும் சற்றுக் கூடுதலும்தான் ஆகும். எனவே நேர்த்தையல் இயந்திரத்தில் பொருட்படுத்தாமல் விடக்கூடிய பாபின் கொள்ளளவு, அகல ஜிக்ஜாக் இயந்திரத்தில் முக்கியமான அளவாகிவிடுகிறது. கனமான நூலைச் சிறிய பாபினில் சுற்றி வேலை செய்தவர்களுக்கு, தையலின் நடுவில் எத்தனை முறை எழுந்திருக்க நேரும் என்பது தெரியும்.

மூன்றாம் படி: நூலும் ஊசியும் தரும் எல்லை

இயந்திரத்தின் உண்மையான வலிமையை மோட்டாரின் வாட் எண்ணைவிட, அது ஏற்கும் ஊசியும் நூலும் நன்றாகக் காட்டும். நூலின் கனத்தை டெக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 1,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெக்ஸ். டிக்கெட் எண் போட்ட நூல்களில் எண் கூடக்கூட நூல் மெலியும்: சாதாரண ஆடைத் தையலுக்கான 120ஆம் எண் நூல் டெக்ஸ் 27ஐ ஒட்டியது, 40ஆம் எண் டெக்ஸ் 70ஐ ஒட்டியது, 20ஆம் எண் டெக்ஸ் 135ஐ ஒட்டியது.

ஊசியின் மெட்ரிக் எண் அதன் உடலின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 90 என்றால் 0.90 மி.மீ.; 140 என்றால் 1.40 மி.மீ. டெக்ஸ் 27 நூலுக்கு 75 முதல் 90 வரையிலான ஊசி போதும். டெக்ஸ் 70க்கு 100 அல்லது 110 வேண்டும். டெக்ஸ் 90க்கு 110 அல்லது 125. டெக்ஸ் 135க்கு 140. பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் 110ஆம் எண் ஊசியோடு நிறைவாக நிற்கின்றன. அதற்கு மேலான ஊசியைப் போட்டால் ஹூக்கின் (ஊசித்தட்டுக்கு அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் கொக்கியின்) முனைக்கும் ஊசிக்கும் இடையிலுள்ள இடைவெளி போதாமல் உரசத் தொடங்கும். கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து ‘போகிறதே’ என்று நிம்மதியடைவது தவறு. மெதுவாகச் சுற்றும்போது நழுவிப் போகும் ஊசி, வேகத்தில் துணியின் எதிர்ப்பால் வளைந்து ஹூக்கில் மோதும்.

ஊசி முறையையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு இயந்திரங்களுக்கான 130/705 எச் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் தவறாகப் பொருத்தவே முடியாது. மேசை இயந்திரங்களில் பெரும்பாலும் வட்டத் தண்டு ஊசிகளே வரும். டிபி×5 (DP×5) என்பது 2 மி.மீ. விட்டத் தண்டு கொண்டது. டிபி×17 (DP×17) அதைவிட நீளமானது, நடக்கும் பாதம் (துணியின் மேல் அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) கொண்ட கனரக இயந்திரங்களில் வரும். டிபி×1 (DB×1) என்று ஒரே மாதிரி ஒலிக்கும் ஊசி ஒன்றும் உண்டு. அதன் ஆங்கில எழுத்துகள் வேறு, தண்டின் விட்டமும் 1.62 மி.மீ. மட்டுமே. அது சாதாரண நேர்த்தையல் தொழிற்கூட இயந்திரங்களுக்கானது. பெயர் குழப்பத்தில் மெல்லிய தண்டு ஊசியைப் பருத்த துளையில் மாட்டினால் அது மையம் விலகி நின்று தையலைக் கெடுக்கும். வட்டத் தண்டு ஊசியைத் திருப்பி வைக்கவும் வாய்ப்பு அதிகம். தொடக்கத்தில் வரும் பாதித் தொல்லைகள் இதிலேயே அடங்கியிருக்கும்.

நான்காம் படி: இயந்திரங்களை இனம் பிரித்தல்

சந்தையில் கிடைப்பவற்றை ஐந்து இனங்களாகப் பிரித்துவிட்டால் ஒப்பீடு எளிதாகும். ஓர் இனத்துக்குள் மாதிரிக்கு மாதிரி வேறுபாடு குறைவு. இனத்துக்கு இனம் வேறுபாடு மிக அதிகம்.

முதலாவது, ‘ஹெவி டியூட்டி’ என்று விற்கப்படும் வீட்டு இயந்திரங்கள். சிங்கர் 4423 இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம்: உள்ளே உலோகச் சட்டம், வெளியே பிளாஸ்டிக் ஓடு, நிமிடத்துக்கு 1,100 தையல் வரை வேகம், 6 மி.மீ. அகலம். தூக்கி வைக்கலாம், மூன்று படித் தையலும் காஜாவும் உண்டு. இந்த இனத்தை ஏளனமாகப் பேசுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு அடுக்கு டெனிமும் டெக்ஸ் 40 நூலும் மட்டுமே உங்கள் எல்லை என்றால் இதற்குமேல் செலவு செய்ய வேண்டிய அவசியமில்லை. ஆனால் தினமும் பல மணி நேரம் தொடர்ந்து ஓட்ட இந்த இயந்திரம் வடிவமைக்கப்படவில்லை என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, பழைய முழு உலோக வீட்டு ஜிக்ஜாக்குகள். 1930களில் வெளிவந்த ஃபாஃப் 130 இந்த இனத்தின் மூத்த உறுப்பினர். பாய்மரம் தைப்பவர்கள் அதை இன்றும் தேடுகிறார்கள். மெதுவாக, உறுதியாகத் தைக்கும். ஊசி துளைக்கும் சக்தி வியப்பூட்டும். அகலம் குறைவு, உதிரிப் பாகங்களுக்குப் பழைய இயந்திரங்களையே பிரித்தெடுக்க நேரலாம். பழுது பார்ப்பதில் விருப்பமுள்ளவருக்கு மட்டும் பொருத்தமானது.

மூன்றாவது, தூக்கிச் செல்லக்கூடிய நடக்கும் பாத ஜிக்ஜாக். செயில்ரைட் அல்ட்ராஃபீட் எல்எஸ்இசட்-1 இந்த இனத்தில் அடையாளமாகிவிட்ட மாதிரி. படகில் வைத்தே பாய் தைக்கவேண்டும் என்ற தேவைக்கு ஏற்றது. மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒன்றாக நகர்வதால் வழுக்கும் துணிகள், ரெக்சின், பல அடுக்குக் கேன்வாஸ் ஆகியவற்றில் இதற்கு நிகரில்லை. ஜிக்ஜாக் அகலம் 5 மி.மீ. அளவிலேயே நிற்கும். மெல்லிய ஆடைத் துணிக்கு நடக்கும் பாதத்தின் பிடி முரட்டுத்தனமாக இருக்கும்.

நான்காவது, மேசையில் பொருத்தும் நடுத்தர வேக ஜிக்ஜாக்குகள். ‘செமி இண்டஸ்ட்ரியல்’ என்ற சொல் உண்மையில் பொருந்துவது இவற்றுக்கே. சிங்கர் 20யு வரிசையும், அதைப் பின்பற்றிப் பல பெயர்களில் வரும் இயந்திரங்களும், பெர்னினா 217 போன்றவையும் இதில் அடங்கும். 20யு வரிசையில் மாதிரியைப் பொறுத்து அகலம் 9 அல்லது 12 மி.மீ. வரை போகும். எண்ணெய் கையால் விடவேண்டும். மோட்டார் மேசைக்கு அடியில் தனியாக இருக்கும். முழங்காலால் பாதத்தைத் தூக்கலாம். கீழ்ப்பற்களால் மட்டும் துணியை நகர்த்துவதால், வழுக்கும் தடித்த அடுக்குகளில் மேல் அடுக்கு பின்தங்கும். இதே வரிசையைப் பின்பற்றிச் செய்த இயந்திரங்களில் வார்ப்பின் தரமும் பொருத்தத்தின் நுணுக்கமும் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடும். ஆகவே பெயரைவிடக் கையில் இருக்கும் அந்த ஒரு இயந்திரத்தைத்தான் சோதிக்கவேண்டும்.

ஐந்தாவது, முழுத் தொழிற்கூட ஜிக்ஜாக்குகள். ஜூகி எல்இசட்-2280 வரிசை போன்றவை. நிமிடத்துக்கு 5,000 தையல் வரை போகக்கூடியவை. தையலின் அழகில் மற்ற இனங்கள் இவற்றை எட்டுவது கடினம். இருந்தும் வீட்டுப் பட்டறைக்கு நான் இவற்றைத் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். தானியங்கி எண்ணெய் ஓட்டம் கொண்ட இயந்திரங்களில் பம்ப் சரியாக வேலை செய்ய ஓரளவு வேகம் தேவை. வீட்டில் மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் மேல்பகுதிகளுக்கு எண்ணெய் போதாமல் போகலாம். மேலும் இவை வேகத்துக்காக வடிவமைத்தவை. லேசான, நடுத்தரத் துணிகளே இவற்றின் இயல்பான களம். ‘தொழிற்கூட இயந்திரம் என்றால் எதையும் துளைக்கும்’ என்ற எண்ணம் ஜிக்ஜாக்கில் அடிக்கடி பொய்க்கும்.

ஐந்தாம் படி: மோட்டாரும் சக்கர விகிதமும்

வீட்டு இயந்திரத்தின் உள்ளே இருப்பது கார்பன் பிரஷ் கொண்ட சிறிய மோட்டார். 70 முதல் 100 வாட் வரை மின்சாரம் எடுக்கும். மிதியடியால் வேகத்தைக் குறைக்கும்போது அதன் முறுக்குவிசையும் குறைந்துவிடுவதால், தடித்த மடிப்பின் முன் நின்று ‘ம்ம்’ என்று முனகும். மேசை இயந்திரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து முழு வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதிவேக வகை மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று. மிதியடியை அழுத்தும் அளவுக்குக் கிளட்ச் பிடிக்கும். பழகிய காலுக்கு அது கட்டுப்படும். பழகாத காலுக்குத் துள்ளும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டுமே சுழலும், உச்ச வேகத்தை எண்ணிலேயே வரையறுக்கலாம், சத்தமில்லை. வீட்டுக்குள் வேலை செய்பவருக்குச் சர்வோவைத் தவிர வேறொன்றைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சர்வோவின் வாட் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். சில சர்வோக்கள் மிகக் குறைந்த வேகத்தில் தடித்த துணியின் முன் தயங்கும். அதற்கு மருந்து சக்கர விகிதம். மோட்டாரில் 50 மி.மீ. சக்கரமும் இயந்திரத்தில் 100 மி.மீ. சக்கரமும் இருந்தால், மோட்டார் 3,000 சுற்று சுழலும்போது இயந்திரம் 1,500 தையல் தைக்கும். ஊசிக்குக் கிடைக்கும் முறுக்குவிசை இரு மடங்காகும். 1,500 தையலும் 2 மி.மீ. முன்னேற்றமும் என்றால் நிமிடத்துக்கு மூன்று மீட்டர் தையல். வீட்டுப் பட்டறையில் அதற்குமேல் வேகம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். வாங்கும்போதே கிடைப்பவற்றில் மிகச் சிறிய மோட்டார் சக்கரத்தைக் கேட்டு வாங்குங்கள். சக்கரம் மாறினால் பெல்ட்டின் நீளமும் மாறும்.

ஊசியை மேலேயோ கீழேயோ நிறுத்தும் சென்சாரையும் சர்வோவோடு சேர்த்து விற்பார்கள். நேர்த்தையலில் அது பெரிய உதவி. ஜிக்ஜாக்கில் அதன் அறிவு பாதிதான்: ஊசி கீழே இருக்கிறதா என்று அதற்குத் தெரியும், இடப்பக்கத்தில் இருக்கிறதா, வலப்பக்கத்தில் இருக்கிறதா என்று தெரியாது. மூலை திரும்பும்போது எந்தப் பக்கத்தில் ஊசி நிற்கவேண்டும் என்பதை நீங்களே கைச்சக்கரத்தால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: நேரில் சோதித்தல்

சோதனைக்குப் போகும்போது உங்கள் சொந்தத் துணித் துண்டுகள், சொந்த நூல், அந்த இயந்திரத்துக்கான புதிய ஊசிகள், கொஞ்சம் வெள்ளைத் தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கடையில் காட்டும் விறைப்பான இரட்டை மடிப்புப் பருத்தித் துணியில் எந்த இயந்திரமும் அழகாகத் தைக்கும்.

நான் முதன்முதலில் வாங்கிய பழைய மேசை ஜிக்ஜாக்கில் இந்தப் பாடத்தைக் கற்றேன். நேர்த்தையலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, ஜிக்ஜாக்கை 4 மி.மீ.யில் ஒருமுறை தைத்துவிட்டு, திருப்தியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முழு அகலத்தில் வைத்தபோதுதான் ஒரு பக்கத்துத் தையல் மட்டும் இடையிடையே விட்டுப்போவது தெரிந்தது.

அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் சோதனை முழுவதும் தெளிவாகும். ஊசி கீழ்முனையைத் தொட்டுச் சுமார் 2 மி.மீ. மேலே எழும்போது அதன் பின்னால் நூல் வளையம் உருவாகும். அந்த நொடியில் ஹூக்கின் முனை வந்து வளையத்தைப் பிடிக்கவேண்டும். நேர்த்தையலில் ஊசி எப்போதும் ஒரே இடத்தில் இறங்குவதால் இந்தச் சந்திப்பு மாறாது. ஜிக்ஜாக்கில் ஊசி பக்கவாட்டில் இடம் மாறுகிறது. ஆனால் ஹூக் தன் போக்கில்தான் சுழல்கிறது. ஆகவே ஒரு கோடியில் ஹூக் சற்று முன்னதாக வந்துவிடும்: வளையம் இன்னும் சிறியதாக இருக்கும். மறுகோடியில் சற்றுத் தாமதமாக வரும்: ஊசியின் கண் அதற்குள் மேலேறி ஹூக் முனையை நெருங்கியிருக்கும். வடிவமைப்பாளர் இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்து டைமிங்கை, அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரத்தை, அமைக்கிறார். அகலம் கூடக்கூட அந்தச் சமரசம் இறுக்கமாகிறது. சிறு தேய்மானமும் முதலில் ஏதோ ஒரு கோடியில்தான் தலைகாட்டும். நடுவில் தைத்துப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

எனவே சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் நூல் இல்லாமல், அகலத்தைச் சுழியத்தில் வைத்து, தாளில் நேர்கோடு தையுங்கள். துளைகள் ஒரே கோட்டில் அமையவேண்டும். வலமும் இடமுமாக அலைந்தால் ஊசித் தண்டைத் தாங்கும் ஊசல் சட்டம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அது சுலபமாகத் தீரும் குறை அன்று. அடுத்து முழு அகலத்தில் தாளில் தையுங்கள். இரு பக்கத் துளைகளும் இரண்டு நேரான இணைகோடுகளாக வரவேண்டும். ஊசித்தட்டின் பிளவில் இரு முனைகளிலும் ஊசிக்கு ஒரே அளவு இடைவெளி இருக்கவேண்டும்.

பிறகு நூல் கோத்து, மெல்லிய துணியில் முழு அகலத்தில் ஒரு முழம் தையுங்கள். அதன்பின் இழுபடும் பின்னல் துணியில் அதையே செய்யுங்கள். டைமிங் குறையைப் பின்னல் துணியே மிக விரைவில் காட்டிக்கொடுக்கும். வேகமாகத் தைத்த துண்டையும் மெதுவாகத் தைத்த துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணியின் அடிப்பக்கத்தில் மூலைகளில் மட்டும் மேல்நூல் புள்ளியாகத் தெரிந்தால் ஜிக்ஜாக்கில் கவலையில்லை. அடிப்பக்கம் முழுக்க மேல்நூல் வளையங்களாகத் தொங்கினால் டென்ஷனைச் சரிசெய்து மீண்டும் தையுங்கள்.

கடைசியாக, நீங்கள் அளந்துவைத்த அந்தத் தடித்த மடிப்பு. ஊசியை மேலே நிறுத்தி, மடிப்பின் உச்சியில் பாதத்தை இறக்கி, அசையாத நிலையிலிருந்து ஒரே ஒரு தையல் போடச் சொல்லி மிதியடியை மெல்ல அழுத்துங்கள். கையால் சக்கரத்தைத் தள்ளி உதவாமல் ஊசி உள்ளே போய் வெளியே வந்தால் அது நல்ல இயந்திரம். பிறகு மெல்லிய பகுதியிலிருந்து மடிப்பின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கும்படி தையுங்கள். ஏறும் இடத்தில் தையல் நீளம் சுருங்குவது இயல்பு. எவ்வளவு சுருங்குகிறது என்பதை இயந்திரத்துக்கு இயந்திரம் ஒப்பிடுங்கள். பாதம் எவ்வளவு உயரம் தூக்கும் என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பாதத்தின்கீழ் நுழையும் தடிமன் எல்லாவற்றையும் இயந்திரம் தைத்துவிடாது. நூலை மேலே இழுக்கும் நெம்புகோலுக்கும் போதிய வீச்சு வேண்டும்.

பழைய இயந்திரம் என்றால் இன்னும் சில பார்வைகள் உண்டு. ஹூக்கின் முனையை நைலான் நூலால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் நூல் சிக்கும். ஊசித்தட்டின் பிளவோரத்தில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மழுக்கலாம்; ஆனால் தழும்புகள் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால் வீச்சின் மையம் விலகியிருக்கக்கூடும். முன்னோக்கித் தைத்த பத்துத் தையலின் நீளமும் பின்னோக்கித் தைத்ததும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெயின்ட் உதிர்ந்திருப்பது ஒரு குறையே அல்ல.

ஏழாம் படி: இடம், மேசை, உதிரிப் பாகம்

மேசை இயந்திரத்தின் தலைப்பகுதியை ஒருவர் தனியாகத் தூக்குவது சிரமம். மேசை ஏறத்தாழ 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் எடுக்கும். பெரிய பொருள் தைப்பவராக இருந்தால் இடப்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அதே அளவு காலி இடம் விடுங்கள். மாடிக் குடியிருப்பில் மேசையின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைப்பது கீழ்வீட்டாரோடு நட்பைக் காக்கும். மின் இணைப்பில் எர்த் இருக்கவேண்டும். பெல்ட்டுக்கு உறை இருக்கவேண்டும். ஊசி மாற்றும்போது மோட்டாரை அணைத்துவிட வேண்டும். மிதியடியை லேசாகத் தொட்டாலே துள்ளும் மோட்டாரோடு விரலைப் பணயம் வைக்கக்கூடாது.

உதிரிப் பாகங்களில் பாபின் கேஸ், ஹூக், பற்கள், ஊசித்தட்டு, பாதங்கள் ஆகிய ஐந்தும் எளிதில் கிடைக்கின்றனவா என்று வாங்குவதற்கு முன் உறுதிசெய்யுங்கள். 20யு வரிசையைப் பலர் பின்பற்றியதால் அதன் பாகங்கள் பரவலாகப் புழங்குகின்றன. அபூர்வமான இயந்திரம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பாபின் கேஸ் ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தால் வீட்டுப் பட்டறைக்கு உதவாது. ஜிக்ஜாக் பாதத்தின் பிளவு இயந்திரத்தின் முழு அகலத்துக்கு ஈடாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள், 5 மி.மீ. பாதத்தை மாட்டி 9 மி.மீ.யில் தைத்து ஊசியை உடைத்தவர்கள் அநேகர்.

எட்டாம் படி: தாளில் எழுதி முடிவெடுத்தல்

இரண்டு அல்லது மூன்று இயந்திரங்களை மட்டும் இறுதிப் பட்டியலில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் தைத்த துணித் துண்டுகளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் ஊசி எண், நூலின் டெக்ஸ், அகலம், நீளம், டென்ஷன் திருகு நின்ற இடம் ஆகியவற்றை எழுதுங்கள். தடித்த மடிப்பில் தோற்ற இயந்திரத்தை வேறு எந்த வசதிக்காகவும் மன்னிக்காதீர்கள். அதில் வென்றவற்றுக்கிடையே முதலில் முழு அகலத் தையலின் ஒழுங்கையும், பிறகு மெல்லிய துணியில் நேர்த்தையலையும், அதன்பின் பாகங்கள் கிடைப்பதையும் பாருங்கள். உச்ச வேகத்துக்கு அந்தத் தாளில் இடமே வேண்டாம்.

வாங்கி வந்த முதல் நாளே எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டு, நூலில்லாமல் நடுத்தர வேகத்தில் சில நிமிடம் ஓட்டி, வழிந்த எண்ணெயைப் பழந்துணியில் துடைத்துவிடுங்கள். கையால் எண்ணெய் விடும் இயந்திரத்தை வேலை செய்யும் ஒவ்வொரு நாளும் இப்படிக் கவனிக்கவேண்டும். ஹூக் சுழலும் பாதைக்கு மட்டும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு சொட்டு வேண்டும். சோதனையில் தைத்த அந்தத் துணித் தாளை மேசையின் இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பக்கத் தையல் விட்டுப்போகத் தொடங்கினால், அதே ஊசியும் நூலும் அளவுகளும் வைத்து மறுபடி தைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோளாறு நூலிலா டைமிங்கிலா என்பது மெக்கானிக் வருவதற்கு முன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும்.